நீட்சியா, இறுக்கமா? பெர்பர் மெய்கள் பற்றிய ஒரு விவாதம்

மொரோக்கோவின் தென்மேற்கில், அகாதிர் நகரை அடுத்த சூஸ் சமவெளியிலும் அதன் இருபுறத்து மலைகளிலும் பேசப்படும் பெர்பர் மொழி தஷல்ஹீத். அதில் ‘க்ஸ்’ என்பது மேய்ச்சலைக் குறிக்கும் வினை. ‘க்க்ஸ்’ என்றால் கழற்று, அகற்று. இரு சொற்களிலும் உயிரொலி இல்லை, குரல்நாண் அதிர்வும் இல்லை. வேறுபாடு முழுவதும் முதல் மெய்யில்தான் இருக்கிறது. ஒருவர் பேசாதிருந்து திடீரென இவற்றில் ஒன்றைச் சொல்கிறார் என்று கொள்வோம். ககரத்தின் அடைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கேட்பவர் அளக்க வழியே இல்லை. அடைப்பின்போது காற்று வெளிவராது, ஒலியும் எழாது. அதற்கு முன்னிருந்த அமைதியோடு அதுவும் கலந்துவிடும். இரு மெய்களும் கால அளவால் மட்டுமே வேறுபடுகின்றன என்றால், காதுக்கு எட்டாத கால அளவு ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிப்பது எப்படி?

பெர்பர் ஒலியியலில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் விவாதத்தின் மையம் இது. ‘க்க்’ என்பது நீண்ட மெய்யா, இல்லை கூடுதல் விசையோடு ஒலிக்கப்படும் வேறுவகை மெய்யா? கிடைத்துள்ள சான்றுகளை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர இக்கட்டுரை முயல்கிறது. எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு: பெர்பர் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். இரட்டித்த மெய்யெழுத்து நீண்ட மெய்யைக் காட்டும். குரல் அதிர்வு உள்ள ஒலிகளைத் தமிழ் எழுத்து தனியே காட்டாது என்பதால் தேவையான இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எதிர்நிலையின் பரப்பு

இரட்டை மெய் உள்ள மொழிகள் பல. இத்தாலியம், ஜப்பானியம், அரபு, ஃபின்னிஷ் ஆகியவற்றில் அது பெரும்பாலும் இரு உயிர்களுக்கு நடுவே வரும். தஷல்ஹீத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும், வேறு மெய்களை ஒட்டியும் இரட்டை மெய் நிற்கும். ஏறத்தாழ எல்லா மெய்களுக்கும் நீண்ட இணை உண்டு. ‘இமி’ வாய், ‘இம்மி’ என் தாய். ‘இலி’ இரு என்னும் வினை. ‘இல்லி’ என் மகள். வினையோடு ஒட்டும் செயப்படுபொருள் ஒட்டுகளில் ‘த்’ அவனை, ‘த்த்’ அவளை. ‘த்ஃப்த்க்த்ஸ்த்த்’ என்ற சொல் ஒலியியலாளர்களிடையே புகழ்பெற்றது. அதில் உயிரொலி ஒன்றுகூட இல்லை. இறுதியில் நிற்கும் ‘த்த்’தான் செயப்படுபொருள் பெண்பால் என்பதைச் சொல்கிறது. ரஷீத் ரிதுவான் 2008இல் இத்தகைய சொற்களைக் கருவிகளால் ஆராய்ந்து, மெய்களுக்கிடையே மறைந்த உயிரோ குரல்நாண் அதிர்வோ இல்லை என்று காட்டினார். பாலை உணர்த்தும் பொறுப்பு அங்கே ஒரு மெய்யின் அளவின் மேல் மட்டுமே விழுகிறது.

பெயரின் பன்மையிலும் இரட்டிப்பு வரும்: ‘அஃபுஸ்’ கை, ‘இஃபஸ்ஸ்ன்’ கைகள். வினையின் நிறைவுறா வடிவத்தில், அதாவது வழக்கமாக நடப்பதையும் தொடர்ந்து நடப்பதையும் குறிக்கும் வடிவத்தில், இரட்டிப்பு முக்கிய உறுப்பு. ‘க்ர்ஃஜ்’ (உழு) என்பது ‘க்க்ர்ஃஜ்’ ஆகும். ‘ம்க்ர்’ (அறுவடை செய்) என்பது ‘ம்க்க்ர்’ ஆகும். ‘ம்க்ர்’இல் உள்ள ககரம் குரலுடையது. ஒரு வினையில் முதல் மெய்யும் மற்றொன்றில் இரண்டாம் மெய்யும் ஏன் இரட்டிக்கின்றன என்பதற்குப் பின்னர் வருவோம்.

இறுக்கம் என்னும் விளக்கம்

பிரெஞ்சு மரபில் வந்த பெர்பர் அறிஞர்கள் இந்த மெய்களை இறுக்க மெய், தளர் மெய் என்று பிரித்தனர். ஆந்த்ரே பாசேயின் 1952ஆம் ஆண்டு நூல் இப்பார்வையை நிலைநிறுத்தியது. லியோனெல் காலான் பின்னர் அதை விரிவாக எடுத்து வாதாடினார். அவர்களுக்குக் கால அளவு ஒரு விளைவு மட்டுமே. ஒலிப்புறுப்புகள் கூடுதல் விசையோடு இயங்குவதே அடிப்படை.

இந்த விளக்கத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அதன் வலு, இணைகள் வெறும் நீளத்தால் மட்டும் வேறுபடாத இடங்களில் இருக்கிறது. கொல் என்ற வினையின் இறுதியில் வருவது வாயின் பின்பகுதியில் எழும் குரலுடைய உரசொலி. அதன் நிறைவுறா வடிவத்தில் அந்த ஒலி நீண்ட உரசொலியாக நிற்பதில்லை. உள்நாக்கில் முழு அடைப்போடு பிறக்கும், குரலற்ற, நீண்ட வெடிப்பொலியாக மாறுகிறது. தொண்டை இறுக்கத்தோடு ஒலிக்கும் குரலுடைய பல்லொலியின் இரட்டை, குரலற்ற நீண்ட வெடிப்பொலி. வகரத்தின் இரட்டை, இதழ்குவிந்த குரலுடைய நீண்ட ககரம்: ‘ர்வ்ல்’ (தப்பியோடு) என்பது ‘ர்க்க்ல்’ ஆகும்போது ககரத்தில் இதழ் குவிகிறது. உரசொலி வெடிப்பொலியாகிறது, குரல் மறைகிறது, அரையுயிர் அடைப்பாகிறது. மூன்றும் வலுவை நோக்கிய மாற்றங்கள். நீளம் மட்டும் கூடியிருந்தால் உரசொலி நீண்ட உரசொலியாகவே இருந்திருக்கலாமே என்ற இறுக்கவாதிகளின் கேள்வி நியாயமானது.

அல்ஜீரியாவின் கபீல் மொழி அவர்களுக்கு மேலும் துணை நிற்கிறது. அங்கே ஒற்றை வெடிப்பொலிகள் பெரும்பாலும் உரசொலிகளாகத் தேய்ந்துவிட்டன. ஒற்றைத் தகரம் நாக்கு நுனியைப் பற்களிடையே வைத்து உரசும் ஒலியாகியிருக்கிறது. இரட்டைத் தகரம் அடைப்பொலியாகவே நிற்கிறது. பல இடங்களில் அடைப்பும் உரசலும் சேர்ந்த ‘த்ஸ்’ போலவும் கேட்கிறது. வடமொரோக்கோவின் ரிஃப் மலைகளில் பேசப்படும் தரிஃபீத்தில் மாற்றம் இன்னும் தூரம் போயிருக்கிறது. இதயத்தைக் குறிக்கும் ‘உல்’ அங்கே ‘உர்’. என் மகள் என்பதிலுள்ள இரட்டை லகரமோ ஜகரத்தை ஒத்த அடைப்புரசொலி. ஒரே மெய்யின் ஒற்றையும் இரட்டையும் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாத அளவுக்கு அங்கே விலகிவிட்டன.

அசையும் யாப்பும் சொல்வது

மாற்றுப் பார்வையின்படி ‘க்க்’ என்பது ஒரே மெய். அது இரண்டு கால இடங்களைப் பிடித்திருக்கிறது. லிபியாவின் சுவாரா பெர்பரை வைத்து டி. எஃப். மிட்செல் 1957இலேயே நீண்ட மெய்களை ஒலிப்பியலிலும் ஒலியனியலிலும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று எழுதினார். ஜிலாலி சாயிப் 1977இல் அவற்றை இரட்டை மெய்களாகவே கையாண்டார். இந்த வழியைப் பெரிதும் முன்னெடுத்தவர்கள் ஃபிரான்சுவா டெல், முகமது எல்மெத்லாவி ஆகிய இருவர். இம்த்லாவ்ன் வட்டாரத் தஷல்ஹீத்தின் அசையமைப்பைப் பற்றிய அவர்களது 1985ஆம் ஆண்டுக் கட்டுரை, உயிர் மட்டுமின்றி எந்த மெய்யும் அசையின் உச்சியாக நிற்க முடியும் என்று வாதிட்டு ஒலியனியலையே அசைத்தது.

நிறைவுறா வினையில் இரட்டிப்பு எந்த மெய்யில் விழுகிறது என்ற கேள்விக்கு விடை அங்கிருந்தே கிடைக்கிறது. ‘க்ர்ஃஜ்’ என்பது ஒரே அசை. ரகரம் உச்சி, ககரம் அசையின் தொடக்கம். எனவே ககரம் இரட்டிக்கிறது. ‘ம்க்ர்’ என்பதில் மகரம் தனியே நிற்க, அடுத்த அசையை ககரம் தொடங்குகிறது. எனவே அங்கும் ககரமே இரட்டிக்கிறது. முதல் மெய், இரண்டாம் மெய் என்ற எண்ணிக்கை இங்கு பொருட்டல்ல. அசையைத் தொடங்கும் மெய் எதுவோ அதற்கு ஓர் இடம் கூடுதலாகத் தரப்படுகிறது. இரட்டிப்பு அசைக் கணக்கில் இடம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தசைவிசை என்ற பண்பு அசை எல்லையைத் தேடிப் போய் அமர்வதற்குக் காரணம் சொல்வது கடினம்.

யாப்பும் இதையே சொல்கிறது. தஷல்ஹீத் பாடகர்கள் எழுதி வைத்துக்கொண்டு பாடுவதில்லை. குறில், நெடில் அசைகளின் ஒரே அடுக்கைப் பாட்டு முழுவதும் வரிக்கு வரி பிசகாமல் காக்கிறார்கள். ஹசன் ஜுவாத் 1995இல் வெளியிட்ட நூல் இந்தக் கணக்கை விரித்துக் காட்டியது. டெல், எல்மெத்லாவி இருவரும் 2008இல் பாடல்களின் யாப்பையும் இசையையும் சேர்த்து ஒரு முழு நூல் எழுதினர். அந்தக் கணக்கில் இரு உயிர்களுக்கு நடுவிலுள்ள இரட்டை மெய், முந்தைய அசையை மூடி அடுத்ததைத் திறக்கிறது; இரண்டு மெய்கள் செய்யும் வேலையை ஒன்றே செய்கிறது. இலக்கணம் படிக்காத பாடகரின் செவி அதை இரண்டாக எண்ணுகிறது.

கருவிகள் காட்டியவை

இலக்கணக் கணக்கு ஒன்று, வாயில் நடப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிய மிக விரிவான ஆய்வு ரிதுவானுடையது. 2003இல் பாரிஸில் முடித்த முனைவர் பட்டத்தின் தொடர்ச்சியாக 2007இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தஷல்ஹீத் இரட்டை மெய்களை ஒலியலைப் பதிவுகளாலும், நாக்கு அண்ணத்தைத் தொடும் இடத்தையும் நேரத்தையும் பதியும் செயற்கை அண்ணத் தகட்டாலும் ஆராய்ந்தது. அவர் கண்டவற்றில் முதலாவது, கால அளவுதான் நிலையான வேறுபாடு என்பது. வெடிப்பொலி, உரசொலி எதுவாயினும், சொல்லில் எந்த இடமாயினும் இரட்டை நீண்டிருந்தது. உலக மொழிகளில் நீண்ட மெய் குறுகியதைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு நீளும் என்று லடெஃபோகெட்டும் மேடிசனும் 1996இல் தொகுத்துக் கூறிய எல்லைக்குள் தஷல்ஹீத்தும் அடங்குகிறது.

அதோடு வேறு பண்புகளும் சேர்ந்து வந்தன. இரட்டைக்கு முன்னுள்ள உயிர் குறுகுகிறது. இரட்டை வெடிப்பொலி விடுபடும்போது வெடிப்பின் வலு கூடுகிறது. ஒற்றைக் குரலுடைய வெடிப்பொலிகள் சிலவேளை முழு அடைப்பை எட்டாமலே தளர்ந்துவிடுகின்றன. இரட்டைகள் அப்படித் தளர்வதில்லை. குரலுடைய இரட்டைகளில் குரல் அதிர்வு நடுவிலேயே அற்றுவிடுவதும் உண்டு. இறுக்கவாதிகள் செவியால் உணர்ந்தது பிரமையல்ல என்பதை இந்தப் பட்டியல் உறுதிசெய்கிறது. ஆனால் இவை எப்போதும் வருவன அல்ல. நீளம் எப்போதும் வருகிறது. அதனால்தான் ரிதுவான் நீளத்தை முதன்மையாகவும் மற்றவற்றை அதற்கு வலுவூட்டும் துணைப் பண்புகளாகவும் கொண்டார்.

தொடக்கத்தில் எழுப்பிய சிக்கலுக்கு அண்ணத் தகட்டின் பதிவுதான் நேரான விடை தருகிறது. மௌனத்துக்குப் பின் வரும் சொல்முதல் ‘த்’, ‘த்த்’ இரண்டிலும் நாக்கு அண்ணத்தைத் தொட்டிருக்கும் நேரத்தை அது அளந்தது. கேட்பவருக்கு எட்டாத அந்த இடத்திலும் பேசுபவரின் நாக்கு ‘த்த்’துக்கு நெடுநேரம் ஒட்டியிருந்தது. இந்த ஒரு செய்தியை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். கேட்க முடியாத நீளத்தைப் பேசுபவர் காப்பாற்றுகிறார் என்றால், அவர் மனத்திலுள்ள இலக்கு நீளம்தான். இறுக்கமே இலக்காக இருந்து, நீளம் அதன் கழிவாக மட்டும் வந்திருந்தால், பயனற்ற இடத்தில் அது சுருங்கியிருக்க எல்லா நியாயமும் உண்டு. விடுபடும்போது கூடும் வெடிப்பின் வலு, அந்த நிலையில் செவிக்கு எஞ்சும் தடயமாகிறது. நீளம் மறைக்கப்பட்ட இடத்தில் துணைப் பண்பு முதன்மைப் பண்பின் வேலையை ஏற்றுக்கொள்கிறது.

இது தஷல்ஹீத்துக்கு மட்டும் உரிய விந்தையல்ல. சுவிட்சர்லாந்தின் துர்காவ் ஜெர்மனிலும் சொல்முதல் வெடிப்பொலிகளில் நீளம் காக்கப்படுவதை ஆஸ்ட்ரிட் கிரேன்மானும் அதிதி லாஹிரியும் இதே வகைத் தகட்டால் 2008இல் காட்டினர். தென்தாய்லாந்தின் பட்டானி மலாயில் சொல்முதல் நீண்ட மெய்களை ஆர்தர் ஆப்ராம்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அங்கும் ஒலியின் வீச்சு செவிக்கு உதவுவதைக் கண்டார்.

கேட்கும் பக்கத்துக்கு, பியர் ஆலே, ரிதுவான், கேத்தரின் பெஸ்ட் மூவரும் 2016இல் வெளியிட்ட சோதனை பயன் தருகிறது. ‘ஃபித்’–‘ஃபித்த்’, ‘ஸிர்’–‘ஸ்ஸிர்’ போன்ற இணைகளைத் தஷல்ஹீத் பேசுவோரும் பெர்பர் அறியாத பிரெஞ்சுக்காரர்களும் கேட்டுப் பிரித்தறிய வேண்டும். தஷல்ஹீத் பேசுவோர் எல்லா இணைகளிலும் ஏறத்தாழத் தவறில்லாமல் பிரித்தனர். பிரெஞ்சுக்காரர்கள் திணறினர், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு அல்ல. சொல்லிறுதி வெடிப்பொலியில் அடைப்பின் அமைதி நீள்வதை அவர்கள் ஓரளவு உணர்ந்தனர். சொல்முதல் உரசொலி நீள்வதையும் குரலுடைய வெடிப்பொலி நீள்வதையும் உணர்வது அவர்களுக்குக் கடினமாயிருந்தது. ஒலிச் சிகரங்களுக்கிடையிலான தொலைவைத் தாளமாகக் கேட்கும் பொதுத் திறன் அவர்களுக்கு இறுதியில் கைகொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தயக்கத்தோடு முன்வைத்த விளக்கம். மெய்யின் அளவை மொழியாகக் கேட்கும் செவி, பழக்கத்தில் உருவாவது.

வலுப்பெறும் மெய்களுக்கு விளக்கம்

இனி இறுக்கவாதிகளின் வலுவான கேள்விக்கு வருவோம். நீளமே அடிப்படை என்றால் உரசொலி ஏன் குரலற்ற வெடிப்பொலியாகிறது?

குரல் மறைவதற்குக் காற்றியல் காரணம் உண்டு. வாய் அடைபட்டிருக்கும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்று அடைப்புக்குப் பின்னால் சேர்கிறது. குரல்வளைக்கு மேலும் கீழும் அழுத்தம் சமமாகிவிட்டால் குரல்நாண்களுக்கிடையே காற்று ஓடாது, அதிர்வும் நின்றுவிடும். அடைப்பு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அதிர்வைக் காப்பது கடினம். ஜான் ஒஹாலா 1983இல் விளக்கிய கட்டுப்பாடு இது. நீண்ட வெடிப்பொலி குரலை இழப்பதற்குத் தனியே ஓர் இறுக்கத்தைக் கற்பிக்கத் தேவையில்லை, நீளமே போதும். அடைப்பு வாயின் பின்புறம் போகப் போகக் காற்று சேரும் இடம் குறைகிறது. எனவே உள்நாக்கு ஒலி இதில் முதலில் பாதிக்கப்படுவதும் எதிர்பார்க்கத் தக்கதே.

உரசொலி வெடிப்பொலியாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது, திசையைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும் என்பது. ஒற்றை வலுப்பெற்று இரட்டையாகவில்லை. பழைய வெடிப்பொலி ஒற்றையாக இருந்த இடத்தில் தேய்ந்தது, இரட்டையாக இருந்த இடத்தில் தேயாமல் நின்றது. கபீல் உரசொலிகளைப் பொறுத்தவரை இதில் ஐயமில்லை. நாக்கு அடைப்பை எட்டக் குறுகிய நேரமே கிடைக்கும்போது எட்டாமல் விடுவதும், நீண்ட நேரம் கிடைக்கும்போது முழுமையாக எட்டுவதும் இயல்பு. நீண்ட மெய்கள் தேய்வை எதிர்த்து நிற்பதை முகமது கெர்செல் எழுபதுகளின் இறுதியிலேயே ஒரு பொதுவிதியாக எழுதினார். புரூஸ் ஹேய்ஸ் 1986இல் அதை அசையமைப்போடு இணைத்து விளக்கினார்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இராது. ‘பகல்’ என்பதில் ககரம் தேய்ந்து உரசலாகிறது. ‘பக்கம்’ என்பதில் முழு அடைப்போடு குரலற்று நிற்கிறது. தமிழை ஆராய்வோர் இதை வைத்து ‘பக்கம்’ என்பதில் இருப்பது நீண்ட மெய்யல்ல, இறுக்க மெய் என்று பொதுவாக முடிவு கட்டுவதில்லை. நீளத்தை அடிப்படையாகவும் தேய்வை அதன் இன்மையாகவும் கொள்கிறோம். இவ்வொப்புமை இரு மொழிகளுக்கும் உறவு எதையும் காட்டாது. ஒரே ஒலியுறுப்புகள் ஒரே வகையில் இயங்குவதையே காட்டும்.

கபீலிலேயே இறுக்க விளக்கத்துக்கு எதிரான செய்தியும் இருக்கிறது. நகரத்துக்கும் லகரத்துக்கும் பின் வரும் ஒற்றைத் தகரம் அங்கே தேய்வதில்லை. குறுகிய வெடிப்பொலியாகவே ஒலிக்கிறது. அடைப்பு என்பது இறுக்க மெய்யின் முத்திரையாக இருந்தால் இந்தக் குறுகிய அடைப்பொலியை எங்கே வைப்பது?

வகரம் இதழ்குவிந்த ககரமாவது மட்டும் இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்காது. அரையுயிர் நீண்டால் நீண்ட அரையுயிராகலாம். அடைப்பாக வேண்டிய கட்டாயம் காற்றியலில் இல்லை. இங்கே இறுக்கவாதிகளுக்கு உண்மையான ஒரு புள்ளி எஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்தும் கபீலில் ‘அவன் கொண்டுவந்தான்’ என்ற சொல் ஊருக்கு ஊர் நீண்ட வகரத்தோடும், இதழ்குவிந்த நீண்ட பகரத்தோடும், இதழ்குவிந்த நீண்ட ககரத்தோடும் ஒலிக்கிறது. மூன்றிலும் ஒலியின் தன்மை மாறுகிறது, நீளம் மாறவில்லை. அடைப்பு அந்த நீண்ட இடத்தை நிரப்பும் வழிகளில் ஒன்று என்று கொள்வதே இந்தச் செய்திக்குப் பொருந்துகிறது.

எழுத்தும் ஆய்வும்

மெய்யின் அளவை எழுத்துகள் ஒரே மாதிரி நடத்தவில்லை. பெர்பர் மொழி பேசும் துவாரெக் மக்களின் மரபான திஃபினாக் எழுத்து இரட்டிப்பைக் காட்டுவதில்லை. சூஸ் பகுதியின் கையெழுத்துப் பிரதிகள் அரபு எழுத்தின் ஷத்தா குறியால் அதைக் காட்டின. 18ஆம் நூற்றாண்டில் முகமது அவ்ஸால் எழுதிய சமய நூல்கள் இந்த மரபில் வந்தவை. மொரோக்கோவின் அரச அமாஸிக் பண்பாட்டு நிறுவனம் 2001இல் தொடங்கப்பட்டது. 2003இல் ஏற்கப்பட்ட புதிய திஃபினாக்கில் எழுத்தை இருமுறை எழுதும் முறையே கைக்கொள்ளப்பட்டது. 2011இல் மொரோக்கோவிலும் 2016இல் அல்ஜீரியாவிலும் அரசியல் சட்டம் அமாஸிக்கை, அதாவது பெர்பரை, அலுவல் மொழியாக ஏற்றது. பள்ளிக் குழந்தை ‘த்’ என்றும் ‘த்த்’ என்றும் எழுதப் பழகும்போது அவனையும் அவளையும் பிரித்தெழுதப் பழகுகிறது. எழுத்தை இரட்டித்த முடிவு ஒலியியல் நோக்கில் சரியானது.

தஷல்ஹீத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு தெளிவு: இரட்டை மெய் நீண்ட மெய், இறுக்கம் அதைத் தொடர்ந்து வருவது. அதை அப்படியே தரிஃபீத்துக்கும் கபீலுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஒற்றையும் இரட்டையும் தன்மையிலேயே பிரிந்துவிட்ட மொழியில் செவி எதை முதலில் பற்றுகிறது என்பதை அந்த மொழி பேசுவோரிடமே சோதிக்க வேண்டும். ‘பெர்பர் இறுக்க மெய்’ என்று எல்லா மொழிகளையும் ஒரே சொல்லால் மூடியது பழைய விவாதத்தின் பெருங்குறை. புதிதாகக் களத்துக்குச் செல்லும் ஆய்வாளரிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு இணையையும் மௌனத்துக்குப் பின் ஒருமுறையும், உயிரில் முடியும் சொல்லுக்குப் பின் ஒருமுறையும் பதிவு செய்யுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ‘வேறுபாடு மறைந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள்.